பாஸ்போர்ட்டில் கூடிப்போன நூற்றுப் பத்து நாட்கள்

நீங்கள் ஐந்து பேரும் வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை என்று நம் அலுவலகத்தை நடத்தும் மேடம் சொன்னார். அதற்குள் விசாவுக்கு வருகிறவர்கள் குறைந்தது நூறு தடவையாவது உங்களிடம் கேட்டிருப்பார்கள்: "எப்ப சார் வரும்?" ஓய்வு பெறும் நாள் வரைக்கும் அதையேதான் கேட்பார்கள். பாண்டி பஜாரை ஒட்டிய அந்த இரண்டாவது மாடி அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்து அதற்குப் பதில் சொன்னவன் நான். வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. இன்றும் ஒவ்வொரு மாத நடுவிலும் காலையில் எழுந்ததும் அமெரிக்க விசா புல்லட்டின் வந்துவிட்டதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். எனக்கு அதில் எந்த வேலையும் இல்லை, இருந்தாலும் பார்க்கிறேன்.

உங்களுக்காக எதையாவது எழுதித் தரச் சொன்னார் மேடம். படிவம் நிரப்புவதைப் பற்றி எழுதப் போவதில்லை. அது மூன்று மாதத்தில் பழகிவிடும். பழகியதும் படிவத்தையே மாற்றிவிடுவார்கள். ஒரே ஒரு கோப்பைப் பற்றிச் சொல்கிறேன். அதில் இரண்டு தவறுகள் செய்தேன். ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தேன். அந்த ஒன்றை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

அன்வர் பாய்க்கு மயிலாப்பூர் கச்சேரி ரோடு பக்கம் சோபாவும் குஷனும் தைக்கும் கடை. கடைக்கு மேலேயே வீடு. அமெரிக்காவில் குடியுரிமை வாங்கிய அவருடைய தங்கை, அண்ணன் குடும்பத்தை அழைத்துக்கொள்ள மனுப் போட்டிருந்தார். உடன்பிறந்தவர்களுக்கான வரிசை எவ்வளவு நீளம் என்று நீங்களே இப்போது பார்த்திருப்பீர்கள். மனு போய்ச் சேர்ந்த நாள்தான் அந்த வரிசையில் நமக்கான இடம். அடுத்த மாதம் எந்தத் தேதிவரை மனுப் போட்டவர்களை எடுத்துக்கொள்வார்கள் என்று மாதா மாதம் புல்லட்டின் சொல்லும். நம் தேதி அதற்கு முந்தியது என்றால் கதவு திறந்தது. ஒரு நாள் பிந்தியது என்றாலும் திறக்கவில்லை.

தங்கை மனுப் போட்டபோது பாயின் ஒரே மகள் நஸ்ரின் இரண்டாம் வகுப்பு. நான் சொல்லும் சமயத்தில் அவள் பிசியோதெரபி முடித்து, அடையாறில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பெற்றோரோடு போகும் பிள்ளைக்கு இருபத்தொரு வயது நிரம்பியிருக்கக் கூடாது, கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. ஆனால் மனு ஒப்புதலுக்காக அமெரிக்க அதிகாரிகள் மேஜையில் கிடந்த நாட்களை வயதில் கழித்துக்கொள்ளலாம். நஸ்ரின் விஷயத்தில் அது 1,288 நாள். லீப் வருடம் ஒன்று உட்பட மூன்று வருடமும் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு நாளும். நான்கு தடவை எண்ணினேன், நான்கு தடவையும் அதுதான் வந்தது. பாஸ்போர்ட்டில் அவள் பிறந்த தேதி மே இருபத்தைந்து. அந்த மே மாதம் இருபத்து நான்கு வயது முடிந்து, கழிக்கக் கிடைத்த மூன்று வருடமும் தீர்ந்துவிட்டது. மேலே நூற்றுத் தொண்ணூற்றிரண்டு நாள் கூட்டினால் டிசம்பர் மூன்று. கதவு திறக்கிற மாதத்தின் முதல் நாளைத்தான் கணக்கில் எடுப்பார்கள். ஆகவே டிசம்பர் மாதத்துப் புல்லட்டினுக்குள் தேதி வந்துவிட்டால் மூவரும் போகலாம். ஜனவரி என்றால் நஸ்ரின் கிடையாது.

ஜூலையில் பாய் வந்து கேட்டார்: "எப்ப சார் வரும்?"

என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. அதில் அந்த வரிசை நாற்பத்தொரு மாதமாக எத்தனை எத்தனை நாள் நகர்ந்தது என்று எழுதி, கீழே சராசரி போட்டிருந்தேன். அவர்களுடைய கணக்கு வருடம் செப்டம்பரில் முடியும். அதன் கடைசியில் இடங்கள் தீர்ந்து தேதி நின்றுவிடும், அக்டோபரில் புதுக் கணக்கு தொடங்கும்போது நகரும். நோட்டைப் பார்த்தேன். எனக்குச் சந்தேகமே வரவில்லை.

"அக்டோபர், பாய். எழுதி வெச்சுக்கோங்க."

இதுதான் முதல் தவறு. புல்லட்டின் ரயில் அட்டவணை இல்லை. அது நேற்றுவரை எப்படிப் போனது என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. நாளைக்கு எப்படிப் போகும் என்று சொல்ல, அதை எழுதுகிறவருக்கே சில சமயம் முடிவதில்லை. நாம் ஒரு மாதத்தின் பெயரைச் சொன்னால் எதிரே இருப்பவர் அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க மாட்டார். அன்வர் பாய் புது வேலை எடுப்பதை நிறுத்தினார். இரண்டு தையல் மெஷினில் ஒன்றை மச்சானுக்குக் கொடுத்தார். நஸ்ரினுக்கு வந்த நல்ல இடத்தை, "நாங்கதான் போறோமே" என்று திருப்பி அனுப்பினார்கள்.

செப்டம்பர் நடுவில் அக்டோபர் புல்லட்டின் வந்தது. பாயின் தேதிக்கு இருபத்திரண்டு நாள் முன்னால் நின்றுவிட்டது.

நேரில் போய்ச் சொல்வதுதான் முறை என்று மேடத்திடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். போனில் சொல்லத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை. கடை வாசலில் பக்கத்து டீக்கடைக்காரர் பாயைச் சீண்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய், நீ இன்னும் இங்கதான் கீறியா? நேத்தே ஃபிளைட்டு ஏறியிருப்பேன்னு நெனச்சேன்."

"உன் டீயக் குடிச்சே பாதி உசிரு போச்சு, மீதியோட போவேன்யா" என்று சிரித்தபடி திரும்பியவர் என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"இன்னா சார், வர்லியா?"

"இருபத்திரண்டு நாள் குறையுது பாய்."

"இருபத்திரண்டு நாளுக்கோசரமா? ஒரு லெட்டரு போட்டுக் கேக்க முடியாதா?"

"முடியாது பாய். நவம்பர் பார்க்கணும்."

"நீங்கதான சார் எழுதி வெச்சிக்கச் சொன்னீங்கோ? நான் எழுதல சார். ஊருக்கே சொல்லிட்டேன்."

டீக்கடைக்காரர் பாலை ஆற்றுவதில் மும்முரமாகிவிட்டார். எனக்கு நிற்பதா போவதா என்று தெரியவில்லை. பாயே, "மேல வாங்க சார், வெயில்ல நிக்காதீங்க" என்றார். கோபத்திலும் அவர் மரியாதை குறையாத மனிதர்.

மேலே அவர் மனைவி ஷகிலா இருந்தார். ஒரு தட்டில் கேக் வைத்துக் கொண்டுவந்தார்.

"சாப்புடுங்க சார். நேத்து நஸ்ரினுக்குப் பொறந்த நாளு, மிச்சம் கீது."

ஒரு விள்ளல் வாயில் போட்டுவிட்டேன். அதன் பிறகுதான் மண்டையில் ஏறியது.

"நேத்தா? மே மாசம் இல்லையா?"

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நஸ்ரின் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "எனக்கு ரெண்டு பர்த்டே அங்கிள். மே மாசம் கவர்மெண்டுக்கு. செப்டம்பர் கேக்குக்கு."

பாய் தலையைச் சொறிந்தார். "எல்கேஜி அட்மிஷன் சார். மே முடியறதுக்குள்ள மூணு வயசு ஆயிருக்கணும்னாங்க. இல்லாட்டி ஒரு வருசம் வூட்லயே வெச்சிக்கோன்னாங்க. நான் மேன்னு எழுதிக் குடுத்துட்டேன். எல்லாரும் பண்றதுதான சார்?"

எல்லாரும் பண்ணுவதுதான். என் தம்பி பையனுக்கு நாங்களே பண்ணியிருக்கிறோம். அப்போது அது யாரையும் உறுத்துவதில்லை. அந்தத் தேதி பள்ளிச் சான்றிதழுக்குப் போகும், அங்கிருந்து ஆதாருக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போகும், பிறகு அதுதான் பிறந்த நாள்.

"பிறப்புச் சான்றிதழ் இருக்காம்மா?"

ஷகிலா பீரோவிலிருந்து எடுத்துத் தந்தார். மாநகராட்சிச் சான்றிதழ், லேமினேட் செய்தது. பிறந்த நாள் செப்டம்பர் பன்னிரண்டு. பிறந்த ஒன்பதாம் நாளே பதிவு. தடுப்பூசி அட்டையிலும் அதே தேதி. கேக் தட்டை மடியில் வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினேன். மே இருபத்தைந்திலிருந்து செப்டம்பர் பன்னிரண்டுவரை நூற்றுப் பத்து நாள். நஸ்ரினின் கெடு டிசம்பர் மூன்று அல்ல, மார்ச் இருபத்து மூன்று. இன்னும் மூன்று புல்லட்டின் கூடுதலாக இருந்தன.

இரண்டாவது தவறு என்ன என்று உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். 1,288-ஐ நான்கு தடவை சரிபார்த்த நான், பிறந்த தேதியைப் பாஸ்போர்ட் நகலிலிருந்து அப்படியே எடுத்து எழுதியிருந்தேன். பிறப்புச் சான்றிதழைப் பிறகுதானே கேட்பார்கள், அப்போது வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். எந்தக் கோப்பானாலும் முதல் நாளே அதைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கும்போது வீட்டில் எந்த நாளில் பிறந்த நாள் கொண்டாடுவீர்கள் என்றும் கேளுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை.

அலுவலகத்துக்கு வந்து மேடத்திடம் சொன்னேன், பாஸ்போர்ட்டில் தேதியை உடனே திருத்த வேண்டும் என்று. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

"சார், இப்ப இருக்கற தேதியிலேயே பொண்ணு உள்ளதான் இருக்கா. நவம்பர்லயோ டிசம்பர்லயோ வந்துட்டா ஒரு பிரச்சினையும் இல்ல. நாமளா போய் பிறந்த தேதியைக் கிளறினா, மொத்தக் கேஸையும் தூக்கித் தனியா வெச்சு விசாரிப்பாங்க. அது எத்தனை வருஷம்னு உங்க நோட்டுல இருக்கா?"

"இல்ல மேடம்."

"டிசம்பரும் வரலேன்னா அப்ப மாத்திக்கலாம்."

அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அப்போது மாற்றினால் யார் நம்புவார்கள்? பழைய தேதியில் கெடு முடிந்த பிறகு, வயதைக் குறைத்துக்கொண்டு ஒரு பெண் வந்து நிற்கிறாள். நான் அதிகாரியாக இருந்தால் நானே நம்ப மாட்டேன். அதே திருத்தத்தை, அது தேவைப்படாத நாளில் செய்தால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்: அதுதான் உண்மை. எங்களுக்கு இன்னும் அப்படிப்பட்ட நாட்கள் இருந்தன. டிசம்பர் புல்லட்டின் நவம்பர் நடுவில் வரும். அதுவரை அறுபத்து மூன்று நாள். ஒவ்வொரு நாளும் போகப் போக இதே உண்மை கொஞ்சம் கொஞ்சமாகப் பொய் மாதிரி தெரிய ஆரம்பிக்கும்.

இதையெல்லாம் மேடத்திடம் சொன்னேன். குரலும் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் கேட்டார்:

"அக்டோபர்னு சொன்னதுக்குப் பிராயச்சித்தமா இது?"

"அதுவும்தான்" என்றேன்.

"சரி. முடிவு அவங்களோடது. ரெண்டு பக்கமும் சொல்லிட்டு வாங்க. நீங்க எந்தப் பக்கம்னு கடைசியில சொல்லுங்க."

அப்படியேதான் சொன்னேன். ஷகிலா பயந்துபோனார். "பொய் சொல்லிட்டீங்கன்னு மூணு பேரையும் தள்ளிட்டா? பதினேழு வருசமா எங்க நாத்தனா அங்க காத்துக்கினு கீறா. நம்மளே போய் மாட்டிக்கிறதா?"

நஸ்ரின் கேட்டாள்: "அம்மி, நான் இல்லாம நீங்க போவீங்களா?"

"இன்னா பேச்சு இது? போவ மாட்டோம்."

"அப்ப என் தேதி சரியா இருக்கணும்ல?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், இதுக்கும் எழுதி வெச்சுக்கோன்னு சொல்லுவீங்களா?"

"இல்லம்மா. இதுல என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாது. எது சரின்னு மட்டும்தான் தெரியும்."

"இது பரவால்ல" என்றாள்.

விளக்கக் கடிதத்தை எங்கள் அலுவலகத்தில் இருந்த மாதிரியை வைத்துத்தான் முதலில் தட்டச்சு செய்தார்கள். அந்த மாதிரியில் 'பள்ளிப் பதிவேட்டில் ஏற்பட்ட எழுத்துப் பிழை' என்று ஒரு வரி எப்போதும் இருக்கும். அதை அடித்து நீக்கினேன். பள்ளியில் சேர்ப்பதற்காகத் தந்தையே தேதியை மாற்றிக் கொடுத்தார் என்று எழுதச் சொன்னேன்.

பாய் பேனாவைக் கையில் எடுத்தார். "நான் பொய் சொன்னேன்னு நானே கையெழுத்துப் போடணுமா சார்?"

"ஆமா பாய்."

"ஸ்கூல் கிளார்க்கு தப்பா எழுதிட்டாருன்னு போட்டா இன்னா? அவரு இப்ப எங்க கீறாரோ."

"நாளைக்கு இதையே உங்களை நிக்க வெச்சுக் கேப்பாங்க. அப்ப உங்களுக்கு எது ஞாபகம் இருக்கும், நடந்ததா, நாம எழுதினதா?"

அவர் கையெழுத்துப் போட்டார். கறுப்பு ரெக்சின் துணியில் சாக்பீஸால் கோடு போடுவது போல, அழுத்தி, நிதானமாக.

செப்டம்பர் முடிய இரண்டு நாள் இருக்கும்போது பாஸ்போர்ட் திருத்தத்துக்கு விண்ணப்பம் போயிற்று. நவம்பர் புல்லட்டினில் தேதி நகரவில்லை. டிசம்பரிலும் நகரவில்லை. அது வெளியான அன்று பழைய பாஸ்போர்ட்டின் கணக்குப்படி நஸ்ரின் கெடுவுக்கு வெளியே போய்விட்டாள். புதிய பாஸ்போர்ட் இன்னும் கைக்கு வரவில்லை. போலீஸ் விசாரணைக்கு வந்தவர் இரண்டு பிறந்த நாளா என்று சிரித்துவிட்டுப் போனார், அவ்வளவுதான் தெரியும். அந்த நாட்களில் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அபிராமபுரத்தில் என் வீட்டிலிருந்து நடந்தே போய்ப் பாயின் கடை வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போகாமல் திரும்பியிருக்கிறேன், மூன்று தடவை. பாய் எப்போது வரும் என்று கேட்பதை நிறுத்திவிட்டார். மச்சானிடம் கொடுத்த மெஷினைத் திரும்ப வாங்கி வந்து, மறுபடி வேலை எடுக்க ஆரம்பித்திருந்தார். அவர் கேட்காமல் இருந்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

டிசம்பர் முதல் வாரத்தில் பாஸ்போர்ட் வந்தது. செப்டம்பர் பன்னிரண்டு என்று அச்சாகியிருந்தது. அன்றே நகல்களையும் கடிதத்தையும் சேர்த்துக் கோப்பில் ஏற்றினோம். ஜனவரிப் புல்லட்டினில் தேதி ஒன்பது நாள் நகர்ந்தது. இன்னும் பதின்மூன்று நாள் பாக்கி. பொங்கல் விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த காலையில் பிப்ரவரிப் புல்லட்டின் வந்தது. பாயின் தேதியைத் தாண்டி ஒரு வாரம் போயிருந்தது. பிப்ரவரி ஒன்றிலிருந்து மார்ச் இருபத்து மூன்றுக்கு ஐம்பது நாள். பழைய தேதி என்றால் அறுபது நாள் தாமதம்.

போனில் அதைச் சொன்னபோது பாய் கேட்டார்: "அப்போ ஆயிடுச்சா சார்?"

"கதவு திறந்திருக்கு பாய். உள்ள விடறது அவங்க கையில." வேறு எதுவும் சொல்லவில்லை. இந்த ஒரு பழக்கமாவது எனக்கு வந்திருந்தது.

ஜூனில் மும்பை அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணல். நம்மை உள்ளே விட மாட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும், போனாலும் வாசலில்தான் நிற்க வேண்டும். நான் தியாகராய நகரிலேயே, என் மேஜையில், எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். மேடம் இரண்டு தடவை காபி அனுப்பினார், இரண்டும் ஆறிப்போயின. பதினொன்றே முக்காலுக்கு நஸ்ரின் கூப்பிட்டாள். பின்னால் ஷகிலா அழுதுகொண்டிருந்தது கேட்டது. அது எந்த மாதிரி அழுகை என்று எனக்குப் புரியவில்லை.

"அங்கிள், அந்த ஆபீசர் மொதல்ல அப்பாகிட்டதான் கேட்டாரு, இருபது வருஷம் கழிச்சு ஏன் மாத்தினீங்கன்னு. அப்பா லெட்டர்ல இருந்ததையே சொன்னாரு. ஸ்கூல் சீட்டுக்காக நான்தான் பொய் சொன்னேன், தப்புதான்னு."

"அப்புறம்?"

"என்னைப் பாத்து, விசாவுக்காகத்தான மாத்தினீங்கன்னு கேட்டாரு."

"நீ என்னம்மா சொன்னே?"

"விசா வேலையிலதான் கவனிச்சோம்னு சொன்னேன். ஆனா மாத்தக் குடுத்த அன்னிக்குப் பழைய தேதியிலயே எனக்கு ரெண்டு மாசம் பாக்கி இருந்துச்சுன்னேன். அவரு விண்ணப்பம் போட்ட தேதியைப் பாத்தாரு. அப்புறம் கம்ப்யூட்டர்ல எதையோ எண்ணினாரு. ரொம்ப நேரம்."

"எவ்வளவு நேரம்?"

"ஐயோ அங்கிள், அதையெல்லாமா எண்ணுவாங்க?"

விசா கிடைத்ததா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நம் தொழிலில் அதற்கு ஒரு சுற்றுவழி உண்டு. மறுத்தால் பாஸ்போர்ட்டை ஜன்னல் வழியாகத் திருப்பித் தள்ளிவிடுவார்கள். சம்மதம் என்றால் விசா ஒட்டுவதற்காக உள்ளேயே வைத்துக்கொள்வார்கள்.

"பாஸ்போர்ட்டைக் கையில திருப்பிக் குடுத்தாங்களா?"

"இல்ல. அங்கயே வெச்சுக்கிட்டாங்க."

"எத்தனை பாஸ்போர்ட்டும்மா?"

"மூணும் அங்கிள்."